இடப்பக்கத்து ஆள்

சுப்ராயன் எங்கள் பெரியப்பா மகள் வேலம்மாளின் வீட்டுக்காரர். எனக்கு மாமா முறை. மரக்காணத்தில் தனக்கோடி முதலாளியின் உப்பு லாரியை ஓட்டினார். உப்பளத்தில் ஏற்றி, திண்டிவனம் ரயில் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்க வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த ஸ்டியரிங்தான் அவருக்குச் சோறு போட்டது.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஊருக்குள் ஒரு மிதப்பு இருக்கும். மாமாவுக்கு அது கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் பயம்தான். அதற்குக் காரணம் அவருடைய அண்ணன் தட்சணாமூர்த்தி. கடலூர்ப் பக்கம் பஸ் ஓட்டினவர். சந்தை முடிந்து வந்த ஒரு பெண்பிள்ளை அவருடைய சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கோர்ட்டில் இவர் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அந்த மனிதர் அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்த கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார், சோறு காய்ந்துபோகும். ஒரு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், போனவர்தான். அவர் பெண் எடுத்த இடம் இடையஞ்சாவடி. அங்கேயும் போகவில்லை. அந்த அண்ணி சாகிற வரைக்கும் பொட்டை அழிக்கலாமா கூடாதா என்று தெரியாமலேயே இருந்தாள்.

அதனால் மாமா வண்டியை எடுப்பதற்கு முன்னால் சுற்றிலும் ஒரு தரம் நடந்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். என் சக்கரத்தில் ஒரு உயிர் பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருடைய வேண்டுதல். உப்பளத்தில் அது லேசான காரியமில்லை. லாரி போகிற கரையிலேயே பெண்கள் உப்புக் கூடையைச் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். தலையில் பாரம் இருக்கிறவளால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. லாரிக்காரன்தான் அவளைப் பார்த்தாக வேண்டும்.

கிளீனராக இருந்தவர் பக்கிரி. மாமாவைவிட வயதில் மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். இடப்பக்கக் கதவில் தொற்றிக்கொண்டு தகரத்தில் அடித்து அடித்துச் சொல்லுவார். ஒரு அடி அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. அந்தச் சத்தத்துக்கே மாமாவின் கால் பழகியிருந்தது.

எழுபத்து மூன்றிலோ நாலிலோ, புதுச்சேரியில் ஒரு சொல்தா வீட்டிலிருந்து மாமா ஒரு கேமரா வாங்கி வந்தார். சொல்தா என்றால் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கினவர். அவர் செத்துப்போனதும் வீட்டார் சாமான்களைத் தள்ளிவிட்டார்கள். கறுப்புப் பெட்டி. மேலே பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடித் துளை. ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை அதில் வைத்துப் பார்த்து அமுக்க வேண்டும்.

"செத்தவன் பொருளு எதுக்கு ஊட்டுக்குள்ள?" என்று கேட்டாள் வேலம்மாள் அக்கா.

"அவனையா கூட்டியாந்தேன்? பொட்டியத்தான எடுத்தாந்தேன்" என்றார் மாமா.

அந்தப் பேச்சைப் பின்னால் அக்கா நினைத்து நினைத்துப் பயந்தாள்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மரியதாஸ் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், சாவு, பள்ளிக்கூட குரூப் எல்லாம் அவர்தான். பிலிம் கழுவுகிற இருட்டறையும் அங்கேயே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதவைத் திறப்பார். மாமா வருவார், தபாலாபீஸ் தேவநாதன் வருவார். தேவநாதனுக்கும் கேமராப் பைத்தியம். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வாரம் கழுவின படங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு பேசுவார்கள்.

அதற்கு மரியதாஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு குறை. குறை சொன்னால் அதைச் சரிபண்ணுகிற வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் எடுத்தவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "நீ எடுத்த படம் நாலு ஊருக்குப் போவும். அது கூடவே போயி, அப்போ காத்து அடிச்சுது, இந்தப் பொம்பள அசைஞ்சிட்டான்னு நீ சொல்லிக்கினு இருப்பியா? படம் பேசட்டும். நீ கம்முனு இரு" என்பார்.

ஒரு தரம் தேவநாதன் கடலை எடுத்து வந்திருந்தார். முறைப்படி மாமா ஆரம்பித்தார்.

"நொரை ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுது சார். நல்லா இருக்குது. ஆனா கடல் ஒரு பக்கமா சாஞ்சிருக்குது. இப்பிடியே வுட்டா தண்ணியெல்லாம் புதுச்சேரிப் பக்கம் ஊத்திடும். அடுத்த வாட்டி தொளையோட மேல் விளிம்புக்கு நேரா கடலோட கோட்ட வெச்சிக்கினு அமுக்குங்க."

தேவநாதன் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தார். பேசாமல் இருப்பது அவருக்குப் பல்வலி மாதிரி.

மாமாவின் முதல் படங்களில் உப்பு அம்பாரம் பளிச்சென்று இருக்கும், ஆட்களின் முகம் இருண்டு கிடக்கும். மரியதாஸ் சொன்னார்: "உப்பு அருமையா வுழுந்திருக்குது. மூஞ்சிதான் கரியாப் போச்சு. கீழ உப்பு, மேல வெயிலு, நடுவுல மனுசன் அடுப்புக் கரி. உச்சியில எடுக்காத. காலையில பொழுது சாய்மானமா இருக்கறப்போ எடு." கறுப்பு அட்டையை எல் எழுத்து மாதிரி வெட்டி இரண்டு துண்டு வைத்திருப்பார். அதைப் படத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி, "மேல இவ்ளோ வெறும் மானம் எதுக்கு? இங்க வெட்டிப் பாரு" என்று காட்டுவார். மாமா கேட்டுக்கொண்டார். காலை வெயிலில் எடுத்தார், கிட்டப் போய் எடுத்தார். முகங்கள் தெரிய ஆரம்பித்தன.

அதற்குப் பிறகுதான் அந்த ஆள் வந்தது.

அம்பாரத்துக்குப் பக்கத்தில், உப்புக் கூடை சுமக்கிற அருக்காணியும் ராசம்மாளும் நிற்கிற படம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள். படத்தின் இடது ஓரத்தில் பாதி உடம்பு தெரிகிறபடி இன்னொரு பெண். தலையில் கூடை, முகத்தில் கூடையின் நிழல். மாமா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் அமுக்கின நேரத்தில் அங்கே யாருமே இல்லை. அவர் கண்ணால் பார்த்தது இரண்டு பேரைத்தான்.

தேவநாதன் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். "ரெண்டு பேரு போஸ் குடுக்கறாங்க. ஒருத்தி பாட்டுக்கு வேலையப் பாத்துக்கினு போறா. அதுவும் பாதி! இதுதான்யா படம்!"

"ஆமாம்பா. கை வந்திடுச்சி உனுக்கு" என்றார் மரியதாஸ்.

"இல்ல, மரியதாஸு, அந்த ஆளு..." என்று மாமா ஆரம்பித்தார். மரியதாஸ் விரலை உதட்டில் வைத்துவிட்டார். "உஸ்! எடுத்தவன் பேசக் கூடாது."

அடுத்த பிலிமிலும் வந்தது. லாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பக்கிரியை எடுத்தால் இடது ஓரத்தில் ஒரு தோள். கோயில் தேரை எடுத்தால் இடது ஓரத்தில் ஒரு கிழவனின் அரை முகம். மாமா பார்க்காத ஆட்கள். மரியதாஸும் தேவநாதனும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே புகழ்ந்தார்கள். ஓரத்தில் பாதி ஆளை நிறுத்துவதுதான் சுப்ராயன் கை என்று பேரே வைத்துவிட்டார்கள். தேவநாதன் அதைப் பார்த்துத் தானும் ஓரத்தில் ஆளைப் பாதியாக வெட்டி எடுத்துப் பழகினார்.

மாமா வீட்டுக்கு வந்தால் படத்தின் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் பார்ப்பார். ஒரு நாள் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"நான் அமுக்கறப்போ அங்க யாருமே இல்ல, வேலு. கழுவனா வந்து நிக்குதுங்க."

அக்கா அன்றைக்கே கேமராவைத் துணியில் சுற்றி மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகிவிட்டாள். திருநீறு மந்திரித்து வந்து பூசினாள். "அந்தச் சொல்தாதான்" என்றாள். மாமாவின் மனதில் இருந்தது சொல்தா இல்லை, அண்ணனின் சக்கரத்தில் போன அந்தப் பெண்பிள்ளை. அது நம் குடும்பத்தை விடாது, என்னையும் தேடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

அளத்துப் பெண்களிடம் கேட்டிருக்கலாமே என்று நான் பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். "எப்பிடிக் கேப்பாரு? அங்க யாருமே நிக்கலன்னு அவளுங்க சொல்லிட்டா இன்னா பண்றது?" என்றாள். அதுவும் சரிதான்.

புரட்டாசி பிறந்தது. மழைக்கு முன்னால் அம்பாரத்தை எல்லாம் ஏற்றியாக வேண்டும். ஒரு நல்ல மழை பிடித்தால் வருஷத்து உப்பு கரைந்து கடலுக்குத் திரும்பிப் போய்விடும். அந்தச் சமயம் பார்த்துப் பக்கிரிக்கு மஞ்சள் காமாலை கண்டது. கூனிமேட்டில் வாக்கப்பட்ட மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு கிளீனர் வைக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. மாமா தனியாகவே ஓட்டினார்.

அப்படி ஓட்டின வாரத்தில் ஒரு காலை, லோடு ஏறிக்கொண்டிருந்தது. படத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு காப்பி கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அருக்காணி நச்சரித்து நச்சரித்து அந்தப் பழைய படத்தை வாங்கிக்கொண்டாள். கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அவர்களோடு கூடை சுமக்கிற பொன்னம்மாள் வந்து பிடுங்கினாள்.

"அடியே, இது நானு!" என்றாள். "ஏண்ணே, இவளுங்க ரெண்டு பேர மட்டும் கல்யாணப் பொண்ணுங்க மாதிரி முழுசா நிக்க வெச்சிருக்கற. என்னை இன்னாத்துக்கு வெறவாட்டம் பொளந்து வெச்சிருக்கற?"

டயரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "நீயா அது?"

"பின்ன யாரு, எங்க மாமியாளா? கம்மலப் பாரு. எங்கம்மா போட்டது."

"நீ அங்க நிக்கவேயில்லியே பொன்னம்மா."

"நிக்கலியா? உன் பக்கத்துல வந்து, நானும் சேந்துக்கட்டுமாண்ணேன்னு கேட்டேன். இவளுங்க போட்ட கூச்சல்ல உன் காதுல வுழல. திரும்பிக்கூடப் பாக்கல நீ. சரி, நம்ம மூஞ்சி புடிக்கல போலன்னு நெனச்சிக்கினு கூடையத் தூக்கிக்கினு அவளுங்க பக்கமா போயிட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். மாமாவுக்கும் ஒரு மூச்சு நேரம் சிரிப்பு வரப் பார்த்தது. ஆவி இல்லை, பிசாசு இல்லை. அம்மா போட்ட கம்மலோடு நிற்கிற பொன்னம்மாள்தான்.

அவள் விடவில்லை. "படத்துல வெட்டனா பரவால்ல. முந்தாநாளு வண்டிய ஏன் அப்பிடி ஒடிச்ச? நான் எடது கரையில வர்றேன். சக்கரம் என் சீலையத் தொட்டுக்கினு போவுது! கூடையப் போட்டுட்டுப் பாத்தியில குதிச்சேன். பாத்துக்கினு இருந்தும் இப்பிடிப் பண்றானேன்னு கத்தனேன். நீ பாட்டுக்குப் போயிக்கினே இருந்த."

"முந்தாநாளா?" என்றார் மாமா.

"முந்தாநாளுதான். இந்தா பாரு முட்டிய."

முட்டியில் தோல் உரிந்து, உப்புத் தண்ணீர் பட்டு வெந்திருந்தது. மாமா அதைப் பார்த்தார். முந்தாநாள் எந்த இடத்திலும் இடது கரையில் யாரும் வரவில்லை என்று அவர் சத்தியம் பண்ணியிருப்பார். படம் எடுத்தபோதும் அங்கே யாரும் நிற்கவில்லை என்றுதானே அத்தனை நாளும் நம்பினார்!

லோடு ஏறிவிட்டது. மேஸ்திரி போ போ என்றான். மாமா ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், இடப்பக்கம் போய்ப் பார்த்தார், மறுபடி ஏறினார். அளத்தைத் தாண்டுவதற்குள் எத்தனை தரம் இறங்கினாரோ! தலையைத் திருப்பினால் கரை காலியாகத் தெரியும். நேரே பார்த்தால் அந்தக் கரையே இல்லாமல் போகும். இத்தனை வருஷமாக அந்தப் பக்கத்தில் பக்கிரி தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போய், மரியதாஸ் ஸ்டுடியோ வாசலில் நிறுத்தினார். அதற்கு மேல் அவருடைய கால் மிதிக்கவில்லை.

தேவநாதன் டீ குடிக்க வந்திருந்தார். மாமா எல்லாப் படங்களையும் மேசை மேல் போட்டார்.

"இன்னிக்கி எடுத்தவன் பேசணும்" என்றார். "இந்த ஓரத்து ஆளுங்கள நான் வெக்கல. இதுல ஒருத்தரையும் நான் பாக்கவேயில்ல."

சொல்லி முடிக்கிற வரை மரியதாஸ் அசையவில்லை. தேவநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயோ, நான் அதப் பாத்துல்லய்யா பழகனேன்!" என்றார். அப்புறம் அவருக்கே அது அபத்தமாகப் பட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

மரியதாஸ் ஒரு கேமராவை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தார். "எந்தக் கண்ண வெச்சிப் பாப்ப நீ?"

"வலது கண்ணு. எல்லாரும் அப்பிடித்தான."

"எடது கண்ண மூடிக்குவ. எப்பவும்?"

"எப்பவும்."

"இப்ப வலது கண்ண மூடு. எடது கண்ண தொளையில வெச்சி என்னைப் பாரு."

மாமா வைத்துப் பார்த்தார். "தொளைய ஏன் கையால மூடிக்கினு இருக்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் மூடல, சுப்ராயா. என் கையி ரெண்டும் என் மடியில இருக்குது" என்றார் மரியதாஸ்.

மாமா கேமராவை இறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவநாதன்தான் அதை மெல்ல வாங்கினார்.

மரியதாஸ் அந்த எல் அட்டை ஒன்றை எடுத்தார். வலது கண்ணால் நேரே சுவரைப் பார்க்கச் சொல்லி, இடப்பக்கத்திலிருந்து அட்டையை மெல்ல மெல்லக் கொண்டுவந்தார். "தெரியறப்போ சொல்லு" என்றார். தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. "கொண்டாயேன்" என்றார் மாமா. அட்டை அப்போது அவருடைய மூக்குக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது.

வெளியே வானம் கறுத்து, காற்று திரும்பியிருந்தது. லோடு லாரி நடுத் தெருவில் நிற்கிறது என்று யாரோ போய்ச் சொல்லி, தனக்கோடி முதலாளி சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏம்பா, மானம் இருக்கற இருப்பப் பாத்தியா? இங்க ஒக்காந்து போட்டோ பாத்துக்கினு இருக்கற!"

"எனக்குக் கண்ணு தெரியல முதலாளி."

"காலையில தெரிஞ்சிதா இல்லியா?"

"காலையிலயும் தெரியல. எப்பத்திலிருந்து தெரியலன்னும் தெரியல."

முதலாளி கோபத்தை இறக்கிக்கொண்டு நயமாகப் பேசிப் பார்த்தார். "ஒரு வாரம் எப்பிடியாவது ஓட்டிக் குடுத்துடுப்பா. பக்கிரி வந்துடுவான். அவன் தட்டட்டும், நீ ஓட்டு. இத்தினி வருசம் அப்பிடித்தான ஓட்டன? எதுனா ஆச்சா?"

மாமாவுக்கு அந்த வார்த்தை இனித்தது என்றுதான் அக்கா சொல்லுவாள். வீட்டில் வயசுக்கு வந்த பெண் தெய்வநாயகி இருந்தாள், வேறு தொழிலும் தெரியாது. பக்கிரி இருந்தால் போதுமே என்று ஒரு கணம் தோன்றியிருக்கிறது. அப்புறம் பொன்னம்மாளின் முட்டி ஞாபகம் வந்தது. சாவியை மேசை மேல் வைத்தார்.

"இதை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நானா ஓட்டறது?" என்று கத்தினார் முதலாளி.

"யாரு வேணா ஓட்டட்டும். நான் ஏற மாட்டேன்."

மழை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. லாரியில் இருந்தது தார்ப்பாயால் தப்பியது, அளத்தில் இருந்த அம்பாரங்களில் பாதி கரைந்தது. தனக்கோடி அதற்கப்புறம் மாமாவோடு பேசவில்லை.

புதுச்சேரியில் கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம், வலியே தெரியாமல் பார்வையைத் தின்றுவிடும், இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் மிச்சம் இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். மாமா அதற்கு அழவில்லை. "டாக்டர், இது ஆரம்பிச்சி எவ்ளோ நாளாகியிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். வருஷக் கணக்காக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும்தான் அவருடைய முகம் மாறியது என்று அக்கா சொன்னாள்.

வருஷக் கணக்கு என்றால் எத்தனை லோடு! திண்டிவனம் ரோட்டில் இடப்பக்கம் எத்தனை சைக்கிள், எத்தனை ஆட்டுக்காரன், எத்தனை பள்ளிக்கூடத்துப் பிள்ளை! பக்கிரிக்குக் காய்ச்சல் வந்த நாட்கள் முன்னேயும் உண்டு. அன்றைக்கெல்லாம் யார் நின்றிருந்தார்கள்? அதற்குப் படம்கூட இல்லை.

மருந்து விட ஆரம்பித்து, மழையும் ஓய்ந்த பிறகு, அக்காவை இடப்பக்கம் நடக்க வைத்துக்கொண்டு ரோட்டோர ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். பஸ்ஸை விட்டு இறங்குவார், டீக்கடையில் நிற்பார், கேட்பார். "உப்பு லாரி ஏதாவது இங்க யார் மேலயாவது பட்டுச்சாங்க? நின்னு பாக்காம போச்சாங்க?" பைத்தியம் என்று சிலர் சிரித்தார்கள். போலீஸ் ஆளோ என்று சிலர் ஒதுங்கினார்கள். இல்லை என்று பதில் வரும்போதெல்லாம் அக்காவுக்கு உயிர் வரும். மாமா அடுத்த ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்ப்பார்.

முருக்கேரியில் கொளஞ்சி என்று ஒரு வாழைக்காய் வியாபாரி. டீ கிளாசை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏன் கேக்கற?"

"தெரிஞ்சிக்கத்தான்."

"என்னைத் தள்ளிச்சி. போன வருசம் கோடையில. சைக்கிள்ல காயி மூட்டையோட போறேன், ஓரமாத்தான் போறேன். பள்ளத்துல வுழுந்து கையி ஒடைஞ்சிச்சி. இது இன்னும் நேராவல, பாரு." முழங்கையை நீட்டிக் காட்டினார். "அந்த நாயி நிறுத்திப் பாக்கவேயில்ல."

அக்கா மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மாமா நகரவில்லை. போன கோடையிலும் பக்கிரிக்குக் காய்ச்சல் வந்திருந்தது.

"அது நான்தான்" என்றார்.

கொளஞ்சி எழுந்து கிட்டே வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள்.

"திமிரா உனுக்கு?"

"இல்லீங்க. நீங்க இருந்தது தெரியாது. இந்தப் பக்கம் எனக்குக் கண்ணில்ல. அது இப்பத்தான் தெரிஞ்சிது."

கொளஞ்சி அவருடைய இடப்பக்கம் நகர்ந்து நின்று, கையை நீட்டி, முகத்துக்குப் பக்கத்தில் விரல்களை ஆட்டினார். மாமா நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூ! உன்னைத் திட்டாத நாளு இல்லய்யா நானு" என்றார் கொளஞ்சி. அப்புறம் பெஞ்சைக் காலால் தள்ளிவிட்டார். "ஒக்காரு. அந்தம்மாவுக்கும் எடம் வுடு."

மாமா உட்கார்ந்தார். டீ வந்தது, அவர் தொடவில்லை.

"நீங்க உயிரோட இருக்கறீங்க" என்றார். "வேற யாராச்சும் வுழுந்ததா கேள்விப்பட்டீங்களா?"

கொளஞ்சி கிளாசை அவர் பக்கம் தள்ளினார். "இந்த ஊர்ல இல்ல" என்றார். "மேல போயிக் கேளு. திண்டிவனம் வரைக்கும் ரோடு கெடக்குதில்ல."